அதிகம் ஓடாத நல்ல சண்டைப் படங்கள்: அடி வாங்குறவனைப் பாருங்க

காட்பாடி_ஜங்ஷன் · சனி இரவு 10:40

போன வாரம் அண்ணன் பையன் லீவுக்கு வந்திருந்தான். பன்னிரண்டு வயசு. ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் ‘தடையறத் தாக்க’ போட்டேன். 2012ல வந்த படம், மகிழ் திருமேனி எடுத்தது, அருண் விஜய் நடிச்சது. பாதிப் படத்துல பையன் என் கையைப் புடிச்சிக்கிட்டு, “சித்தப்பா, இதுல அடி வாங்குறவங்களுக்கு வலிக்குது”ன்னான்.

இருபது வருஷத்துக்கு மேல சண்டைப் படம் பார்க்கிறேன். எனக்கு எது ஏன் புடிக்குதுன்னு நானே இவ்ளோ தெளிவா சொன்னதில்ல. ஒரு வாரமா இதே நெனப்பு. அதான் இந்த இழை.

சண்டைன்னா நாம அடிக்கிறவனைத்தான் பார்க்கிறோம். அவர் கையை ஓங்குறார், காலைத் தூக்குறார், கேமராவும் அவர் முகத்துக்கே போகுது. அடி பட்டவன் காத்துல சுத்தி தக்காளிக் கூடை மேல விழறான். அதோட அவன் கதை முடிஞ்சுது. ஆனா ஒரு அடியை அடின்னு நம்மள நம்ப வைக்கிறவன் அவன்தான். கை முகத்துல படவே படாது. கேமரா நிக்கிற கோணத்துல அந்த இடைவெளி மறைஞ்சிடும், அவ்ளோதான். அந்தக் கண் இமைக்கிற நேரத்துல அவன் தலையைத் திருப்பணும், தோளைத் தளர விடணும், விழற இடத்துல கல் இருக்கா பெட் இருக்கான்னு உடம்புக்குத் தெரிஞ்சிருக்கணும். கொஞ்சம் முந்தித் திரும்பினா அடி பொய்யாயிடும். கொஞ்சம் பிந்தினா மூக்கு போயிடும்.

‘தடையறத் தாக்க’ எனக்குப் பெருசா படறதுக்குக் காரணம் இதுதான். அதுல ஹீரோ செல்வா சின்னதா டிராவல்ஸ் வச்சு பொழைக்கிறவன். சண்டை போடணும்னு அவனுக்கு ஆசையே கிடையாது. செய்யாத காரியத்துக்கு ஒரு கும்பல் அவனைத் தேடுது. ஒவ்வொரு சண்டையும் அவன் தப்பிக்க இருந்த ஒரு வழியை அடைச்சிட்டுப் போகுது. அதனால அவன் அடிக்கும்போது கைதட்டத் தோணல, “சீக்கிரம் வெளிய போ”ன்னுதான் தோணுது. அதே இயக்குநர் 2014 கிறிஸ்மஸுக்கு ஆர்யாவை வச்சு ‘மீகாமன்’ எடுத்தார். போதைப்பொருள் கும்பலுக்குள்ள போய் உக்காந்திருக்கிற போலீஸ்காரன் கதை. அவன் யார்கிட்டயும் தன்னைக் காட்டிக்க முடியாது, அதனால வலியையும் காட்டிக்க முடியாது. வலியை மறைக்கிற முகத்தைப் பார்க்கிறதே ஒரு சண்டை மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல அந்தப் படத்தை நான் நாலாவது நாள் பார்த்தேன். இருபது பேர்கூட இல்ல.

இந்த மாதிரிப் படங்கள் சொல்லுங்க. வந்தப்போ நிக்காம போனது, இல்ல ஓடியும் யாரும் சண்டைக்காகப் பேசாதது. முழுக் கதை வேணாம். எந்த சண்டை, எங்க நடக்குது, உங்களுக்கு ஏன் மறக்கலன்னு எழுதுங்க.

—

மாடு_விடும்_ஊர் · சனி இரவு 11:05

அண்ணா, ‘நான் மகான் அல்ல’ கடைசி சண்டை. 2010, சுசீந்திரன். எதிர்ல நாலு பேரு, எல்லாம் காலேஜ் பசங்க. பெரிய உடம்பு இல்ல, அருவா மீசை இல்ல, பஞ்ச் டயலாக் இல்ல. பஸ்ல நம்ம பக்கத்துல உக்காந்து வர்ற பசங்க மாதிரி இருப்பானுங்க. அவனுங்க ஒத்துமையா சேர்ந்து அடிக்கிறது பார்த்தா கார்த்தி இன்னிக்கு செத்துடுவான்னே தோணும். பத்து தடியனுங்களைப் பார்த்தா எனக்கு பயம் வந்ததில்ல. இந்த நாலு பேரப் பார்த்து வந்துச்சு.

—

காட்பாடி_ஜங்ஷன் · சனி இரவு 11:11

தம்பி, அது ஓடின படமாச்சே. ஆனா நீ சொல்ற காரணம் சரி. வில்லன் சண்டை தெரிஞ்சவனா இருக்கணும். அங்க அவனுங்க பொழுதுபோக்கா கெட்டது செஞ்சு பழகினவனுங்க, பயமே கிடையாது. கார்த்திக்கு இழக்க ஏதோ இருக்கு, அவனுங்களுக்கு இல்ல. விட்டுடறேன், பட்டியல்ல இருக்கட்டும்.

—

லாங்பஜார் · சனி இரவு 11:48

நான் ஒத்துக்க மாட்டேன். கோவமா சொல்லல, மனசுல பட்டத சொல்றேன்.

எங்கப்பா மார்க்கெட்ல மூட்டை தூக்கினவரு. காலைல மூணு மணிக்குப் போனா மத்தியானம் வருவாரு. வாரத்துல ஒரு நாள் எங்களைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போவாரு, பெரும்பாலும் விஜயகாந்த் படம். வலியப் பார்க்க அவரு தியேட்டருக்குப் போகல. வலி தெனமும் முதுகுல இருந்துது. செவுத்துல ஒரு காலை வச்சு இன்னொரு காலால நாலு பேரை ஒதைக்கிறத பார்க்கத்தான் போனாரு. அந்தக் கால் செவுத்த தொட்ட உடனே எங்கப்பா உக்காந்த சீட்டு ஆடும். அதுல பொய் எங்க இருக்கு சொல்லுங்க? அந்த சந்தோஷம் நெஜம்.

நீங்க எல்லாரும் “நம்பற மாதிரி இருக்கணும்”னு ஆரம்பிச்சா, கடைசில பாட்டு வேணாம், கலர் வேணாம், சிரிப்பு வேணாம்னு வந்து நிப்பீங்க. நான் சொல்ற படம் ‘ஊமை விழிகள்’, 1986. ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் பசங்க சேர்ந்து எடுத்தது. ஜனங்க விஜயகாந்தைச் சொல்வாங்க, பயத்தைச் சொல்வாங்க, பாட்டைச் சொல்வாங்க. துரத்தலையும் சண்டையும் எப்படி அகலத் திரையில பிரிச்சு பிரிச்சு எடுத்தாங்கன்னு யாரும் சொல்லிக் கேட்டதில்ல. புதுப் பசங்க அவ்ளோ பெருசா யோசிச்சாங்க.

—

காட்பாடி_ஜங்ஷன் · ஞாயிறு காலை 7:20

லாங்பஜார் அண்ணா, உங்க அப்பா விஷயத்தைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் பதில் எழுத முடியல. நீங்க சொல்றது வேற சந்தோஷம், அதை நான் மறுக்கல. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தக் கால் செவுத்துல படறதுக்கு முன்னாடி எவ்ளோ நேரம் விஜயகாந்த் பொறுத்துக்கிட்டு நின்னார்னு யோசிங்க. அவமானப்படுவார், விட்டுக்கொடுப்பார், யாரோ ஒருத்தர் மேல கை வைக்கிற வரைக்கும் சும்மா இருப்பார். ‘ரன்’ படத்துல மாதவன் சுரங்கப்பாதைக்குள்ள ஓடிப் போய் ஷட்டரை இழுத்து விடுறது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஷட்டர் சத்தத்துக்குப் பலம், அதுக்கு முன்னாடி அவன் ஓடின ஓட்டம்தான். நீங்க சொல்ற பறக்கிற சண்டையிலயும் பாரம் முன்னாடியே ஏத்தி வச்சிருக்கு. இப்போ வர்ற நிறைய படத்துல பாரம் ஏத்தறதுக்குப் பொறுமையே இல்ல. முதல் நிமிஷத்துலயே பறக்கிறாங்க.

—

பாலாற்று_மணல் · ஞாயிறு காலை 9:02

தம்பிகளுக்கு வணக்கம். எனக்கு வயது அறுபத்தேழு. வடஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் இராணிப்பேட்டைப் பக்கம் படித்தவன். பாலாற்றில் தண்ணீர் ஓடியதையும் பார்த்திருக்கிறேன், டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படமும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் யாரும் கர்ணன் பெயரைச் சொல்லவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர். ஜெய்சங்கரை வைத்து ‘காலம் வெல்லும்’ 1970ல், ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ 1972ல் எடுத்தார். குதிரை, தொப்பி, துப்பாக்கி, பொட்டல் காடு. நம் ஊர்க் கரட்டையும் முள்ளையும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தப் பொட்டல் அந்நியமாகவே தெரியவில்லை. குதிரை ஓடும்போது கேமராவும் தரையோடு தரையாகக் கூடவே ஓடும். புழுதி நம் வாயில் விழுவதுபோல் இருக்கும். பெரிய நடிகர்களின் படங்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியவர்கள், இந்தப் படங்களைப் பி வரிசை என்று ஒதுக்கிவிட்டார்கள். சினிமாவில் ஓட்டத்தை எப்படிப் பிடிப்பது என்று எங்கள் தலைமுறைக்குக் காட்டியவை இவைதான்.

இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். இந்த இழை நம் ஊரில் நடக்கிறது என்பதால் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜூடோ கே. கே. ரத்தினம். குடியாத்தத்துக்காரர். 1966ல் ‘வல்லவன் ஒருவன்’ படத்திலிருந்து சண்டைப் பயிற்சியாளராக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். 1980ல் வந்த ‘முரட்டுக்காளை’யில் ஓடும் ரயில்மேல் ரஜினிகாந்த் போட்ட சண்டையை அமைத்தவர் அவர்தான். கம்ப்யூட்டர் கிடையாது, பின்னாடி பச்சைத் துணி கிடையாது. ரயில் ஓடும், மேலே ஆட்கள் நிற்பார்கள். அந்தக் காட்சியை ரஜினியின் காட்சி என்று எல்லோரும் அறிவார்கள். எதிரில் நின்று அடி வாங்கியவர்களில் ஒருவர் பெயரையாவது நாம் அறிவோமா?

ஜூடோ ரத்தினத்திடம் தொழில் பழகியவர்கள் பிறகு பெரிய மாஸ்டர்கள் ஆனார்கள். சூப்பர் சுப்பராயன், விக்ரம் தர்மா, ராம்போ ராஜ்குமார், ஜாகுவார் தங்கம். தமிழ்ப் படத்தில் நாம் பார்த்த சண்டைகளில் எத்தனையோ, பின்னால் போய்ப் பார்த்தால் குடியாத்தத்தில் வந்து நிற்கும். 2023 ஜனவரி 26 அன்று, தொண்ணூறு தாண்டிய வயதில், சொந்த ஊரிலேயே காலமானார். அன்று காலை கொடியேற்றிவிட்டு வந்து டீக்கடையில் செய்தி கேட்டேன். கூட இருந்த இளைஞர்களுக்கு அவர் யார் என்று விளக்க வேண்டியிருந்தது. ‘தலைநகரம்’ படத்தில் வயதான தாதாவாக நடித்தாரே என்றதும்தான் முகம் ஞாபகம் வந்தது.

—

மாடு_விடும்_ஊர் · ஞாயிறு காலை 9:30

ஐயா, எனக்கு இது தெரியவே தெரியாது. குடியாத்தம் எங்க அம்மா ஊரு. வருஷா வருஷம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்குப் போறேன். ஒருத்தர்கூட சொன்னதில்ல.

—

சிலம்பக்கூடம் · ஞாயிறு மதியம் 1:15

ஆற்காடு பக்கம் பசங்களுக்குச் சிலம்பம் சொல்லித்தரேன். பெரியவர் எழுதினதுல இருந்து ஒரு விஷயத்தைத் தொடர்றேன்.

எங்க கூடத்துல மொதல் மாசம் குச்சியே தர மாட்டோம். கால் வைக்கிறது மட்டும்தான். காலடி சரியா வந்தா கை தானா வரும். அதனால எந்தப் படம் பார்த்தாலும் என் கண்ணு காலுக்குத்தான் போகும். காலைக் காட்டலன்னா ஏதோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம். இடுப்புக்கு மேல மட்டும் எடுத்து, ஒரு அடிக்கு மூணு வெட்டு போட்டு, கேமராவையும் ஆட்டினா யாரு வேணா வீரனாத் தெரியலாம். அது நடிகர் தப்பு இல்ல. பழகறதுக்கு நாள் கொடுக்கறது இல்ல.

அந்தக் காலத்துல இன்னொரு உபாயம் இருந்துது. படம் நொடிக்கு 24 ஃபிரேம்ல ஓடும். சண்டையை மட்டும் 22, 20ன்னு கொறச்சு எடுப்பாங்க. திரையில ஓடும்போது வேகமாத் தெரியும். ரொம்பக் கொறச்சா பொம்மை ஆடற மாதிரி ஆயிடும். பழைய படத்துல சில சண்டை கோழி கொத்தற மாதிரி இருக்கிறதுக்கு அதான் காரணம். அளவோட செஞ்ச மாஸ்டர்களும் இருக்காங்க, கண்டே புடிக்க முடியாது.

எனக்குப் புடிச்சது தாய்லாந்துப் படம், ‘ஓங் பாக்’, 2003. டோனி ஜா. கயிறு கட்டாம, கம்ப்யூட்டர் இல்லாம செஞ்சது. தெருவுல துரத்துவாங்க. அவன் சந்துக்குள்ள பூந்து, வண்டிக்கு அடியில சறுக்கி, ஆளுங்க தோள் மேல கால் வச்சு ஓடுவான். முக்கியமான தாவலை ரெண்டு மூணு கோணத்துல திருப்பித் திருப்பிக் காட்டுவாங்க, “நல்லாப் பார்த்துக்கோ, பொய் இல்ல”ன்னு சொல்ற மாதிரி. எங்க கூடத்துப் பசங்களுக்கு மழை நாள்ல அதைப் போட்டுக் காட்டுவேன். அந்த முழங்காலும் முழங்கையும் அவங்களுக்கு வேற கலை, ஆனா காலடி ஒண்ணுதான்.

தமிழ்ல கேட்டா ‘யுத்தம் செய்’, 2011. சேரன் நடைமேம்பாலத்து மேல ஒத்தையா மாட்டிக்குவார். கும்பல் பெரிய ஆயுதத்தோட வரும். அவர் கையில நகவெட்டியில இருக்கிற துளியூண்டு கத்தி. பாலம் குறுகல், ரெண்டு பக்கமும் கம்பி, அதனால எத்தனை பேர் வந்தாலும் ஒருத்தர் ஒருத்தராத்தான் கிட்ட வர முடியும். ஒத்தை ஆள் கும்பலைச் சமாளிக்க எங்க வாத்தியார் சொல்லித் தந்ததும் இதான்: “இடத்தைச் சுருக்கு.” சேரன் சண்டை நடிகர் இல்ல. அதனாலதான் அது இன்னும் நல்லா இருக்கு. ஒவ்வொரு அசைவும் பயத்தோட வருது.

—

நைட்_டியூட்டி · ஞாயிறு மாலை 6:40

இழை முழுக்கப் படிச்சேன். நான் எமர்ஜென்சி வார்டுல செவிலியர். இன்னிக்கு ஆஃப், அதனால நிதானமா எழுதறேன்.

சண்டைல அடிபட்டு வர்றவங்கள வாரத்துக்கு நாலஞ்சு பேராவது பார்ப்பேன். குத்தினவனுக்கும் கட்டுப் போடுவோம், நிறைய பேருக்குத் தெரியாது. தாடையிலயோ மண்டையிலயோ ஓங்கிக் குத்தினா சுண்டுவிரலுக்குக் கீழ இருக்கிற எலும்பு உடைஞ்சிடும். அது அவ்ளோ சகஜம். படத்துல முப்பது பேரைக் குத்திட்டு ஹீரோ அதே கையால ஹீரோயின் கண்ணீரைத் துடைக்கிறார். அப்புறம் மண்டையில ஒரு அடி, மயக்கம், ரெண்டு மணி நேரம் கழிச்சு எழுந்து தலையை ஒதறிட்டு ஓடறது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல நினைவில்லாம கிடந்தாலே நாங்க ஸ்கேனுக்கு ஓடுவோம். பசங்க அதைப் பார்த்துட்டு, அடிபட்ட நண்பனை “தூங்கட்டும், சரியாயிடும்”னு வீட்டுல படுக்க வச்சிட்டு காலைல தூக்கிட்டு வர்றாங்க. தலையில அடிபட்டு வாந்தி எடுத்தா, பேச்சு குழறினா, தூக்கத்துல இருந்து எழுப்ப முடியலன்னா உடனே கூட்டிட்டு வாங்க. இதை எங்க எழுத எடம் கிடைச்சாலும் எழுதிடுவேன்.

அதனாலதான் எனக்கு ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ உயிர். 2013, மிஷ்கின். ஒரு மருத்துவ மாணவன் குண்டு பட்டு ரோட்டுல கிடக்கிறவனைப் பார்க்கிறான். எங்கயும் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க. வீட்டுக்கே தூக்கிட்டுப் போய், பேராசிரியருக்கு போன் போட்டுக் கேட்டுக் கேட்டு அறுவை செய்யறான். என்னைப் பொறுத்தவரைக்கும் அந்தப் படத்தோட மொதல் சண்டை அதுதான். ஒருத்தன் கை நடுங்குது, எதிர்ல சாவு. யாரும் யாரையும் அடிக்கல, நான் சீட்டு நுனியில உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் வர்ற ராத்திரி முழுக்க அந்த உடம்புல ஒரு புண் இருக்குன்னு நமக்கு ஞாபகம் இருந்துக்கிட்டே இருக்கும். அவன் ஓடும்போது தையல் பிரியுமோன்னு எனக்குப் பதறும். பாட்டு ஒண்ணுகூட இல்ல, இளையராஜா பின்னணி இசை மட்டும்தான். அந்த வயலின் எழும்பறப்போ மூச்சு விடவே மறந்துடும்.

இன்னொரு படம், ‘பேராண்மை’, 2009, ஜனநாதன். ஜெயம் ரவி வன அதிகாரி, கூட அஞ்சு கல்லூரிப் பொண்ணுங்க, காட்டுக்குள்ள ஆயுதத்தோட வந்த வெளிநாட்டுக் கூட்டம். அந்தப் பொண்ணுங்களைக் காப்பாத்தப்பட வேண்டியவங்களா மட்டும் காட்டல. பயிற்சி எடுத்து, பயந்து, தப்பு செஞ்சு, துப்பாக்கி புடிச்சு நிக்கிறாங்க. எல்லாரும் பொழைக்கறதும் இல்ல. பழங்குடி அதிகாரியை மேலதிகாரி நடத்துற விதமும் அதே அளவுக்கு வலிக்கும். ஜவ்வாது மலையில இருந்து எங்க வார்டுக்கு வர்றவங்களோட சிலர் பேசுற தொனியை நான் கேட்டிருக்கேன். அதனால அந்தக் காட்சிகள் எனக்குச் சினிமாவாத் தெரியல.

—

லாங்பஜார் · ஞாயிறு மாலை 7:10

சிஸ்டர், நீங்க தலையில அடிபட்டா என்ன பண்ணணும்னு எழுதினத எங்க கடைப் பசங்க குரூப்ல போட்டுட்டேன்.

—

ஷூ_கம்பெனி · ஞாயிறு இரவு 9:55

ஆம்பூர்ல இருந்து. ஷிஃப்ட் முடிச்சு இப்பதான் வந்தேன்.

வெளிநாட்டுப் படத்துல ஒரு ஜோடி சொல்றேன். இந்தோனேசியாவுல இருந்து ‘தி ரெய்டு’, 2011. அதிரடிப் போலீஸ் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்குள்ள போகுது, உள்ள முழுக்க ரவுடிங்க, வெளிய வர வழி அடைச்சாச்சு. எடுத்தவர் வேல்ஸ் நாட்டுக்காரர் காரெத் எவான்ஸ், அடிக்கிறது அவங்க ஊரு சண்டைக் கலை சிலாட். அது உலகம் முழுக்கப் பேசப்பட்டுச்சு. அடுத்த வருஷமே கிட்டத்தட்ட அதே மாதிரி கதையோட ‘ட்ரெட்’ வந்துச்சு. தியேட்டர்ல விழுந்துடுச்சு. ஆனா எனக்கு ரெண்டாவதுதான் ஒரு படி மேல. ஹீரோ கார்ல் அர்பன் படம் முழுக்கத் தலைக்கவசத்தைக் கழட்டவே இல்ல. வாயும் தாடையும் மட்டும்தான் தெரியும். அவ்ளோ பெரிய படத்துல நடிகர் தன் முகத்தை விட்டுக்கொடுக்கிறார்! நம்ம பக்கம் எந்த ஹீரோவும் ஒரு பாட்டுக்குக்கூட ஒத்துக்க மாட்டாங்க. கூட வர்ற பயிற்சிப் போலீஸ்காரப் பொண்ணுதான் மாறுறா, நாம அவ கண்ணு வழியாத்தான் எல்லாத்தையும் பார்க்கிறோம்.

இன்னொண்ணு ‘அப்கிரேட்’, 2018. கை கால் விளங்காம போனவன் உடம்புக்குள்ள ஒரு சிப் வைக்கிறாங்க, சண்டையை அந்த சிப்தான் போடும். உடம்பு அடிக்குது, முகம் “ஐயோ, நான் பண்ணல”ன்னு பதறுது. கேமரா அவன் உடம்போட ஒட்டிக்கிட்டே சாயும், எழும். அடிக்கிறவனுக்கே அந்த அடி புடிக்கலன்னா எப்படி இருக்கும்? நான் அப்படி ஒரு சண்டையை முன்ன பார்த்ததில்ல.

தோல் வேலையில ஒரு பழக்கம் உண்டு. மேல பாலிஷ் போட்டுட்டா எல்லாத் தோலும் ஒண்ணு மாதிரி மின்னும். திருப்பிப் பின்பக்கத்தைத் தடவினாத்தான் தரம் தெரியும். சண்டையில அடி வாங்குறவன் அந்தப் பின்பக்கம்னு காட்பாடி அண்ணா எழுதினதப் படிச்சப்போ தோணுச்சு.

—

மாடு_விடும்_ஊர் · ஞாயிறு இரவு 10:30

நான் துரத்தலைப் பத்தி ஒண்ணு சொல்லிக்கவா? எங்க ஊரு ஒடுகத்தூர் பக்கம். இங்க தெக்கத்தி மாதிரி மாட்டைப் புடிக்கிறது இல்ல. ரெண்டு பக்கமும் கட்டை கட்டி நடுவுல ஓட விடுவோம். கொறஞ்ச நேரத்துல தூரத்தைத் தாண்டுன மாடு ஜெயிக்கும். நான் சின்ன வயசுல இருந்து பார்த்ததுல ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். எங்க கிளம்புது, எங்க முடியணும், நடுவுல எது குறுக்க வரும்னு தெரிஞ்சாத்தான் நெஞ்சு படபடன்னு அடிக்கும். நடுவுல மட்டும் நின்னு பார்த்தா ஏதோ ஒண்ணு விர்ருன்னு போச்சு, அவ்ளோதான்.

படத்துலயும் அதேதான். ‘திருடா திருடா’, 1993. மணிரத்னம் படம்னாலும் யாரும் மொதல்ல இதைச் சொல்ல மாட்டாங்க. 1000 கோடி ரூபா புது நோட்டு, அதுக்குப் பின்னாடி ரெண்டு திருட்டுப் பசங்க, ஒரு பொண்ணு, போலீஸ், வில்லன். ரயிலு, லாரி, வயக்காடுன்னு ஓட்டம். பி.சி. ஸ்ரீராம் எடுத்ததுல யாரு முன்னாடி, யாரு பின்னாடி, எவ்ளோ தூரம்னு எப்பவும் தெரியும். அந்தப் படத்துல யாருக்கும் பெரிய வலி இல்ல, காட்பாடி அண்ணா. ஆனா எனக்கு நூறு தடவ பார்த்தாலும் அலுக்காது. அப்ப வலி மட்டும் இல்லதானே காரணம்?

—

காட்பாடி_ஜங்ஷன் · ஞாயிறு இரவு 11:25

இல்லதான். நீ சொன்னது என்னை மாத்திடுச்சு தம்பி. தூரமும் இடமும் புரியணும்ங்கறது வலிக்கும் முன்னாடி வர வேண்டியது. சிலம்பக்கூடத்து வாத்தியார் காலைக் காட்டணும்னதும், பாலத்தைச் சொன்னதும் இதேதான்.

பெரியவர் சொன்ன குடியாத்தம் விஷயத்தை இன்னிக்குப் பூரா நெனச்சிக்கிட்டே இருந்தேன். அந்தக் கயிறு இன்னும் அறுந்து போகல ஐயா. ஜூடோ ரத்தினம்கிட்ட பழகின சூப்பர் சுப்பராயன், அவரோட மகன் திலீப் சுப்பராயன். 2017ல ‘தீரன் அதிகாரம் ஒன்று’ சண்டைகளை அமைச்சவர் அவர்தான். ஓடுற பஸ்ஸுல நடக்கிற அந்த சண்டையை இப்போ திரும்பிப் பார்த்தா, ‘முரட்டுக்காளை’ ரயிலோட பேரப்பிள்ளை மாதிரி இருக்கு. அந்தக் கதை நெஜத்துல நடந்த நம்ம ரோட்டுக் கதையும்கூட. 1995ல இருந்து 2005 வரைக்கும் நெடுஞ்சாலை ஓரத்துத் தனி வீடுகளுக்குள்ள பூந்து கொன்ன கும்பல், 2005 ஜனவரியில கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ. சுதர்சனத்தையும் கொன்னாங்க. எங்க பாட்டி வீடு பெங்களூர் ரோட்டு ஓரம். ராத்திரி கதவுக்குப் பின்னாடி பித்தளை அண்டாவை நகர்த்தி வச்சிட்டுத்தான் படுப்பாங்க. அந்த அண்டா தரையில இழுபடற சத்தம் இன்னும் காதுல இருக்கு. படம் பார்க்கும்போது அந்த சத்தம்தான் எனக்குப் பின்னணி இசை.

இன்னொரு வருத்தமும் சொல்லிடறேன். நம்ம நாட்டுல தேசிய விருதுல சண்டை அமைப்புக்குன்னு ஒரு பிரிவு வந்ததே 2017லதான். மொதல்ல வாங்கினவர் பீட்டர் ஹெய்ன், ‘புலிமுருகன்’ மலையாளப் படத்துக்கு. ஆஸ்கர்ல 2025லதான் அறிவிச்சாங்க, 2027ல வர்ற படங்களுக்கு 2028 விழாவுல கொடுக்கப் போறாங்களாம். பாட்டு எழுதினவருக்கு, துணி தைச்சவருக்கு, ஒப்பனை போட்டவருக்கெல்லாம் எப்பவோ வந்துடுச்சு, வரணும்தான். ரயில் மேல நின்னவனுக்கு இவ்ளோ காலம் ஆச்சு. ஜூடோ ரத்தினத்துக்கு அப்படி ஒரு மேடை அவர் வேலை செஞ்ச வயசுல இல்லவே இல்ல.

—

லாங்பஜார் · திங்கள் காலை 6:15

கடை திறக்கறதுக்கு முன்னாடி எழுதறேன். நேத்து ராத்திரி ‘தடையறத் தாக்க’ பார்த்தேன், எங்கப்பாவையும் உக்கார வச்சு. அவருக்கு இப்போ எழுபத்தொண்ணு, முதுகு வளைஞ்சிடுச்சு. இந்த மாதிரி படம் அவருக்குப் புடிக்காதுன்னுதான் நெனச்சேன்.

சத்தமே போடாம பார்த்தாரு. ஒரு சண்டை முடிஞ்சு ஆளுங்க தரையில கிடக்கறாங்க. அப்போ சொன்னாரு, “அவனுங்களும் கூலிக்கு வந்தவனுங்கதானே.” அவ்ளோதான் சொன்னாரு. அப்புறம் கடைசி வரைக்கும் எழுந்திருக்கல. ரெண்டு தடவ மாத்திரை போட நேரமாச்சுன்னேன், கைய காட்டி நிறுத்திட்டாரு.

விஜயகாந்த் படத்தை நான் விட்டுக்கொடுக்கல. ஆனா இதையும் வச்சுக்கறேன்.

—

பாலாற்று_மணல் · திங்கள் காலை 8:40

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரை ஒருநாள் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

‘கங்கா’ நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். என்னிடம் இருந்த தட்டு கீறி, குதிரை ஓடும் இடத்திலேயே நின்றுவிடுகிறது.

—

மாடு_விடும்_ஊர் · திங்கள் காலை 8:52

ஐயா, நான் தேடிப் பார்க்கிறேன். அடுத்த மாசம் குடியாத்தம் போறேன், அம்மாவோட பெரியப்பா பழைய சினிமாக்காரர் வீடெல்லாம் தெரிஞ்சவரு. ஜூடோ ரத்தினம் வீடு எந்தத் தெருன்னும் கேட்டுட்டு வரேன்.